குளூட்டனை நிறுத்தியாச்சு, தெம்பு எப்போது திரும்பும்?

செலியாக் என்பது கோதுமை போன்றவற்றிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் கெடும் நோய். அது உறுதியானபின் உடம்பைத் தேற்றுவது பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: மூன்று மாதமாகக் கோதுமையைத் தொடவில்லை. வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது. ஆனால் ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. ஏன் இன்னும் இந்த அசதி?

வயிறு அடங்கிவிட்டது, குடல் இன்னும் ஆறவில்லை. சிறுகுடலின் உட்சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள்தாம் சத்தை இழுப்பவை. கோதுமை, பார்லி, ரை இவற்றிலுள்ள குளூட்டன் உள்ளே போனதும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அவற்றைத் தாக்கித் தட்டையாக்கிவிடுகிறது. வயிற்றுப்போக்கு சில வாரங்களில் நின்றுவிடலாம். தட்டையான உறிஞ்சிகள் மறுபடி வளரப் பெரியவர்களுக்கு ஒன்றிரண்டு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். குழந்தைகளுக்குச் சீக்கிரம் ஆறிவிடும்.

இரும்புச்சத்தும் ஃபோலேட்டும் உறிஞ்சப்படுவது சிறுகுடலின் முதல் பகுதியில். செலியாக் அதிகமாகச் சேதப்படுத்துவதும் அதே இடத்தைத்தான். அதனால் மாடி ஏறும்போது மூச்சு வாங்கினால் முதலில் இரத்தசோகையைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். ஃபெரிட்டின் (இரும்பின் கையிருப்பைக் காட்டும் அளவு), பி12, ஃபோலேட், வைட்டமின் டி, தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் ஆகியவற்றையும் மருத்துவரிடம் கேளுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் தரைதட்டிக் கிடந்தால் அசதி போகாது. செலியாக் உள்ளவர்களுக்குத் தைராய்டு கோளாறு மற்றவர்களைவிட அதிகம் வருவதால் அதையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினாலோ, நெஞ்சு வலித்தாலோ பரிசோதனை நாளுக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: இரண்டு மாதமாக ஒரு நாளைக்கு மூன்று இரும்பு மாத்திரை சாப்பிடுகிறேன். ஹீமோகுளோபின் 9-ஐத் தாண்டவில்லை, வயிறுதான் எரிகிறது.

மூன்று மாத்திரை போட்டால் மூன்று மடங்கு சத்து சேராது. ஒரு மாத்திரை உள்ளே போனதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, ஏறக்குறைய ஒரு நாளைக்கு அடுத்த இரும்பை உள்ளே விடாமல் தடுக்கிறது. உறிஞ்சப்படாத மிச்சம்தான் வயிற்றை எரிப்பதும் மலச்சிக்கலைக் கொடுப்பதும். நாளுக்கு ஒன்று அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பலருக்கு அதுவே உடம்பில் நன்றாகச் சேர்கிறது.

மாத்திரையை வெறும் வயிற்றில், வைட்டமின் சி உள்ள ஏதாவதுடன் எடுத்துக்கொள்ளுங்கள். காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை ஆகியவற்றுக்கு இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரம். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகள் இரும்பு உறிஞ்சப்படுவதைக் கெடுக்கும். அவற்றைத் தொடர்ந்து எடுத்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஒழுங்காக உறிஞ்சப்பட்டால் மூன்று, நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் 2 கிராம் அளவுக்கு ஏற வேண்டும். இரண்டு மாதமாகியும் ஏறவில்லை என்றால் தட்டையான குடல் மாத்திரையை ஏற்கவில்லை, குளூட்டன் எங்கிருந்தோ உள்ளே போகிறது, அல்லது அதிக மாதவிடாய் போல இரத்தம் வேறு வழியில் வெளியேறுகிறது என்று பொருள். முதல் காரணம் என்றால் இரும்பை ஊசி மூலம் இரத்தக்குழாய் வழியாக ஏற்றிவிடலாம். குடலை நம்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. இன்னொன்று: எண் சரியானதும் மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்கிற தவறு. கையிருப்பு நிரம்ப அதற்குப்பிறகும் ஏறக்குறைய மூன்று மாதம் தொடர வேண்டும்.

கேள்வி: குளூட்டன் உள்ள எதையும் சாப்பிடுவதில்லை. ஆனாலும் ஆறு மாதம் கழித்து எடுத்த டிடிஜி (செலியாக்கில் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை அளக்கும்) இரத்தப் பரிசோதனையில் அளவு அதிகமாகவே இருக்கிறது.

முதலில் பழைய அறிக்கையை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். ஆரம்பத்தில் மிக உயரத்தில் இருந்த எண் பாதியாகியிருந்தால் அது நல்ல சேதி. ஒரு வருடத்துக்கு மேலும் அது இறங்கிக்கொண்டே இருக்கலாம். எப்போதும் ஒரே பரிசோதனைக் கூடத்தில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும். இறங்காமல் அப்படியே நின்றால் சமையலறையைச் சோதியுங்கள்.

அளவைச் சொன்னால் புரியும். ஒரு பிரெட் துண்டில் குளூட்டன் 2 கிராம் அல்லது அதற்கு மேல் இருக்கும். தினமும் 50 மில்லிகிராம் உள்ளே போனாலே சில மாதங்களில் குடல் கெடுகிறது. அதாவது அந்தத் துண்டில் நாற்பதில் ஒரு பங்கு போதும். ரொட்டித்தூள் ஒட்டிய கத்தியை வெண்ணெய் டப்பாவில் யாரோ விட்டு எடுக்கிறார்கள். நாலு தூள் வெண்ணெயில் தங்கிவிடுகிறது. அடுத்து அதிலிருந்து எடுப்பது நீங்கள். உங்களுக்குத் தனி டப்பா வைத்து, மூடியில் பெயர் எழுதிவிடுங்கள்.

சல்லடை, வடிகட்டி, மரப்பலகை, மரக்கரண்டி, டோஸ்டர் ஆகியவற்றைத் தனியாகவே வைத்துக்கொள்ளுங்கள். சல்லடைக் கண்ணிலும் மரத்தின் கீறலிலும் சிக்கிய மாவு எளிதில் போகாது. எவர்சில்வர், கண்ணாடிப் பாத்திரங்களைச் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும். கொதிக்க வைத்தால் குளூட்டன் அழியாது; மாவுப் பண்டம் பொரித்த எண்ணெயை மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

‘கோதுமை இல்லை’ என்று அச்சிட்ட பொட்டலத்தில் பார்லி மால்ட் இருக்கலாம். ‘குளூட்டன் ஃப்ரீ’ என்பதற்கு உலக அளவில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரம்பு. அப்படிப்பட்ட உணவு அரைக் கிலோ சாப்பிட்டாலும் 10 மில்லிகிராமைத் தாண்டாது. ஓட்ஸ் பெரும்பாலும் கோதுமையுடன் கலந்தே வரும். தூய ஓட்ஸ் என்றாலும் உடம்பு நிலைப்பட்டபின், மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: 50 கிலோ இருக்கிறேன், தசை கரைந்துவிட்டது. ஜிம்முக்குப் போகலாமா?

போகலாம், ஆனால் இரத்தசோகை கொஞ்சம் தேறட்டும். அதுவரை பத்து நிமிட நடை, காலை ஒன்று, மாலை ஒன்று. பிறகு நாற்காலியில் ஆரம்பியுங்கள். சுவரோடு ஒட்டிப் போட்ட, கை இல்லாத நாற்காலி. அதன் முன்பாதியில் உட்கார்ந்து, பாதம் இரண்டையும் இடுப்பகலத்துக்கு வைத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்திருங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணி இறங்குங்கள். தசை வளர்வதற்கு அந்த இறக்கம் முக்கியம். 8 முறை, இரண்டு நிமிட ஓய்வு, மறுபடி 8 முறை. வாரத்தில் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். 12 முறை சுலபமானதும் எடை சேர்க்கலாம். மறுநாள் முழுக்கப் படுக்க வைக்கிற பயிற்சி அளவு மீறிய பயிற்சி, பாதியாகக் குறையுங்கள்.

கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்றால் உங்களுக்கு 60 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் என்பதால் ஒரே வேளையில் அடைக்க முடியாது; வேளைக்கு 20 கிராம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கனமான எடை தூக்கும் முன் டெக்ஸா ஸ்கேனில் எலும்பு அடர்த்தியைப் பார்த்துவிடுங்கள். பல வருடம் கால்சியம் உறிஞ்சாத குடல் எலும்பையும் மெலிய வைத்திருக்கும்.

கேள்வி: பால் குடித்தால் வயிறு உப்புகிறது. பாலையும் நிறுத்த வேண்டுமா?

தற்காலிகமாக. பால் சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி உறிஞ்சிகளின் நுனியில் இருப்பது. முதலில் போவது அதுதான். சில மாதம் லாக்டோஸ் இல்லாத பாலுக்கு மாறிப் பாருங்கள். குடல் ஆறினால் பலருக்குப் பால் மறுபடி ஒத்துக்கொள்ளும்.

கேள்வி: ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. இரத்தத்தில் எல்லா எண்ணும் சரி. அசதி மட்டும் போகவில்லை. மனப்பிரமை என்கிறார்கள்.

பிரமை என்று ஒதுக்காதீர்கள். டிடிஜி இயல்பானாலும் உறிஞ்சிகள் வளர்ந்துவிட்டன என்பதற்கு அது சாட்சியல்ல. சிறுகுடலில் கிருமி பெருகுவது, கணையம் போதிய நொதி சுரக்காதது, நுண்நோக்கியில் மட்டும் தெரியும் பெருங்குடல் அழற்சி ஆகியவை செலியாக்கோடு கூட வரக்கூடியவை. ஒவ்வொன்றுக்கும் மருந்து உண்டு. தூக்கத்தையும் மனச்சோர்வையும் பற்றியும் மறைக்காமல் சொல்லுங்கள். அவையும் சிகிச்சை உள்ளவை. எடை மறுபடி குறைந்தாலோ, வயிற்றுப்போக்கு திரும்பினாலோ குடல் நிபுணரிடம் மறு எண்டோஸ்கோபியும் திசுப் பரிசோதனையும் வேண்டுமா என்று நேரடியாகக் கேளுங்கள். போகும்போது முதல் திசுப் பரிசோதனை அறிக்கையைக் கையில் கொண்டுபோங்கள். அதோடு ஒப்பிட்டால்தான் குடல் எவ்வளவு ஆறியிருக்கிறது என்று அவரால் சொல்ல முடியும்.