பக்கத்து வீட்டுத் தென்னை எங்கள் ஓட்டின் மேல்: மழைக்கு முன் யார் மட்டை கழிப்பது?

கேள்வி: வக்கீல் ஐயாவுக்கு, பள்ளத்தூரில் என் மாமனாரின் ஐயா கட்டிய வீட்டில் நானும் எங்கள் வீட்டுச் செட்டியாரும் மட்டும் இருக்கிறோம். பக்கத்து வீடு பூட்டியே கிடக்கிறது. ஏழு புள்ளிக்கு, அதாவது ஏழு குடும்பத்துக்குச் சொந்தம். சென்னை, கோயம்புத்தூர், பினாங்கு என்று ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் பின்கட்டில் சுவரோரம் மூன்று தென்னை, ஒரு பனை. இரண்டு தென்னை சாய்ந்து, கொண்டை எங்கள் இரண்டாங்கட்டு ஓட்டுக்கு நேர் மேலே நிற்கிறது. போன ஐப்பசியில் ஒரு குலையும் மட்டையுமாக விழுந்து நாட்டு ஓடு நொறுங்கி, மேங்கோப்புக்குள், அதாவது கூரையைத் தாங்கும் மரச்சட்டத்துக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. பழுது பார்க்க 18,000 ரூபாய் ஆயிற்று. கோயம்புத்தூர்க்காரரிடம் போனில் சொன்னால், "உங்க பக்கம் வர்றத நீங்களே வெட்டிக்கங்க ஆச்சி" என்கிறார். சென்னைக்காரர், "மரத்துல கை வச்சா போலீசுக்குப் போவோம்" என்கிறார். 45 நாளைக்கு ஒருமுறை ஓர் ஆள் வந்து காய் மட்டும் வெட்டிக்கொண்டு போகிறார். ஃபுளோரிடாவில் இருக்கும் என் மாப்பிள்ளை, "அங்கெல்லாம் புயல் சீசனுக்கு முன்னாடி மேலே நாலு ஓலை விட்டுட்டு மொத்தத்தையும் கழிச்சுடுவாங்க, அப்படிச் செய்யச் சொல்லுங்க" என்கிறார். நாங்களே ஆள் விட்டு வெட்டலாமா? யார் மேல் கேஸ் போடுவது? பனையையும் எடுத்துவிடலாமா?

பதில்: ஆச்சி, மாப்பிள்ளை சொன்னதை முதலில் தள்ளி வையுங்கள். பங்காளிகளுக்கு நாம் அனுப்பப்போகும் நோட்டீசில் என்ன கேட்கிறோம் என்பதே அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. அட்லாண்டிக் பக்கம் புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதற்கு முன் பனை, தென்னை வகை மரங்களை மொட்டையடிக்கும் வழக்கம் அங்கே உண்டு என்பது உண்மைதான். ஆனால் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தார் அதை வேண்டாம் என்றே சொல்கிறார்கள். 2004, 2005 புயல்களுக்குப் பிறகு அவர்கள் கவனித்ததில், அளவுக்கு மீறிக் கழித்த மரங்களுக்குத்தான் கொண்டை அதிகம் முறிந்திருந்தது. தென்னைக்கு ஒரே குருத்து. சுற்றி நிற்கும் பச்சை மட்டைதான் அதற்கு அரண். அதோடு, பச்சையை வெட்டிய காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து சேரும். வண்டு துளைத்த மரம் அடுத்த வருஷம் உங்கள் ஓட்டின் மேல்தான் படுக்கும்.

அதனால் நாம் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: காய்ந்த மட்டை, காய்ந்த பாளை, தொங்கும் பன்னாடை, முற்றிய குலை, கீழே சரிந்து நிற்கும் பழைய மட்டை. பச்சை மட்டை எதையாவது எடுத்தே ஆகவேண்டுமென்றால் தண்டை ஒட்டி அறுக்காமல் நாலடி விட்டு வெட்டச் சொல்லுங்கள். நம் வேளாண்மைத் துறைக்காரர்கள் பருவமழைக்கு முன் சொல்வதும் ஏறக்குறைய இதுவே: தலைப்பாரத்தைக் குறை, கொண்டையைக் கெடுக்காதே. புரட்டாசிக்குள் இது நடந்துவிட வேண்டும். கஜா புயல் கரை கடந்தது 2018 நவம்பர் 16. ஐப்பசி கடைசி நாள்.

இனி, நீங்களே வெட்டலாமா என்பது. அடுத்தவர் மரத்தின் கிளை உங்கள் எல்லைக்குள் நீட்டினால், நீட்டிய அளவுக்கு நீங்களே வெட்டலாம் என்பது பழைய சட்டம். 1894-இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை ஒரு வழக்கில் சொன்னதை நம் நீதிமன்றங்களும் பின்பற்றி வருகின்றன. அதில் ஒரு நிபந்தனை இருக்கிறது: அடுத்தவர் மண்ணில் கால் வைக்காமல், உங்கள் பக்கம் நின்று வெட்ட வேண்டும். மாமரத்துக்கும் வேம்புக்கும் இது சரி, மாடியில் நின்று அரிவாளை வீசினால் போதும். தென்னைக்கு என்ன செய்வீர்கள்? மட்டையைக் கழிக்க மரத்தில் ஏற வேண்டும், ஏற வேண்டுமானால் அவர்கள் பின்கட்டுக்குள் நுழைய வேண்டும். அனுமதியில்லாமல் நுழைந்தால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-ஆம் பிரிவைக் காட்டி அத்துமீறல் என்று புகார் கொடுக்கச் சென்னைக்காரருக்கு வழி திறக்கிறது. நம் ஆள் ஆத்திரத்தில் குருத்தையும் சேர்த்து வெட்டி மரம் பட்டுப்போனால் 324, சொத்துச் சேதம். கொண்டை முழுவதும் உங்கள் பக்கம் சாய்ந்திருக்கிறதே, எல்லைக்கு இந்தப் பக்கம் இருப்பதைத்தானே வெட்டினோம் என்று வாதாடலாம்தான். ஆனால் தென்னையில் கொண்டையை எடுப்பது மரத்தையே எடுப்பது. கிளை வெட்டும் உரிமை அவ்வளவு தூரம் நீளாது.

கோயம்புத்தூர்க்காரர் "நீங்களே வெட்டிக்கங்க" என்றாரே, அந்த வார்த்தைக்கு மதிப்பு உண்டு. போனில் சொன்னால் காற்றோடு போய்விடும். "பின்கட்டுக் கதவு வழியாக ஆள் விட்டு, காய்ந்த மட்டையும் முற்றிய காயும் இறக்கிக்கொள்ளச் சம்மதம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். கூட்டுச் சொத்தில் ஒரு பங்காளி, எல்லோருக்கும் நன்மையான பராமரிப்பு வேலைக்கு அனுமதி கொடுக்கலாம். மட்டை கழிப்பது அந்த வகை. மரத்தை வெட்டிச் சாய்க்க அவர் ஒருவர் சம்மதம் போதாது, அதற்கு ஏழு புள்ளியும் வேண்டும். நீங்கள் விடும் ஆள் தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேரா சுரக்ஷா காப்பீடு எடுத்தவராக இருந்தால் நல்லது. தவறி விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவு கேட்டு முதலில் உங்கள் முகப்பில்தான் வந்து நிற்பார்கள். தண்டில் படி வெட்டி ஏறும் ஆள் வேண்டவே வேண்டாம். தென்னையில் அந்தக் காயம் ஆறுவதில்லை.

யார் மேல் நடவடிக்கை என்பதுதான் நம் ஊரில் பெரிய தலைவலி. பட்டா தாத்தா பெயரில் இருக்கும், வாரிசுகள் மூன்று கண்டத்தில் இருப்பார்கள், ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரியாது. உரிமையியல் வழக்கென்றால் பங்காளிகள் அனைவரையும் சேர்க்க வேண்டியிருக்கும். பினாங்குக்கு சம்மன் போய்ச் சேர்வதற்குள் கார்த்திகை வந்துவிடும். ஆனால் சட்டம் இன்னொரு வாசலையும் வைத்திருக்கிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு, அதாவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133. ஒரு மரம் விழுந்து அக்கம்பக்கத்தில் குடியிருப்பவருக்கோ வழியில் போகிறவருக்கோ காயம் ஏற்படும் நிலையில் இருந்தால், அதை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ கோட்டாட்சியர் உத்தரவிடலாம். யாருக்கு உத்தரவு? மரத்தின் சொந்தக்காரருக்கு மட்டுமல்ல, மரத்தை வசத்தில் வைத்திருப்பவருக்கும். 45 நாளைக்கு ஒருமுறை வந்து காய் வெட்டுகிறாரே, அவர் யார் சொல்லி வருகிறார், காசு யார் கைக்குப் போகிறது என்று கண்டுபிடியுங்கள். காய்க்குக் கை நீட்டும் பங்காளி மட்டைக்குக் கை விரிக்க முடியாது.

மனு தேவகோட்டைக் கோட்டாட்சியருக்கு. நகல் காரைக்குடி வட்டாட்சியருக்கும் உங்கள் பேரூராட்சிச் செயல் அலுவலருக்கும். ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: இந்தப் பிரிவு மரம் விழும் ஆபத்துக்குத்தான், ஓலை விழும் தொந்தரவுக்கு அல்ல. "ஓடு உடைகிறது" என்று மட்டும் எழுதினால், இது தனிநபர் தகராறு, சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அப்படி முடிந்த மனுக்கள் என் அலமாரியில் ஒரு கட்டு இருக்கிறது. சாய்ந்திருப்பதை எழுதுங்கள். வேர்ப்பக்கம் மண் எழும்பியிருந்தால் எழுதுங்கள். மரம் விழுந்தால் பின்னால் உள்ள சந்து வழியையும் அடைக்கும் என்றால், அந்தச் சந்தில் பள்ளிப் பிள்ளைகள் போவதையும் எழுதுங்கள். படம் எடுக்கும்போது கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கி, நூலைக் கேமராவுக்கு முன்னால் தொங்கவிட்டு, அதன் பின்னால் மரம் தெரியும்படி எடுங்கள். நூல் நேராக நிற்கும், மரம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்தவுடன் தெரியும். பத்துப் பக்க மனுவைவிட அந்த ஒரு படம் பேசும்.

முதலில் வருவது நிபந்தனை உத்தரவு: இத்தனை நாளுக்குள் செய், இல்லையேல் வந்து காரணம் சொல். ஆள் கிடைக்காவிட்டால் ஊரில் அறிவிப்பு ஒட்டியே உத்தரவைச் சேர்ப்பிக்கலாம், பினாங்குக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. உறுதியான பிறகும் செய்யாவிட்டால் அதிகாரியே செய்வித்து, செலவை அவர்களிடம் வசூலிக்கலாம். முறைப்படி போட்ட உத்தரவை சிவில் கோர்ட்டில் கேள்வி கேட்கவும் முடியாது. மரத்தை வெட்டியே தீர வேண்டும் என்று நிற்காதீர்கள். இரும்புக் கம்பி வடத்தால் பின்னால் உள்ள மூன்றாவது தென்னையோடு இழுத்துக் கட்டுவதும் முட்டுக் கொடுப்பதுதான். மரம் போகாது என்றால் பங்காளிகளும் இறங்கி வருவார்கள்.

மனுவுக்கு முன்பே, இந்த வாரமே, நோட்டீஸ் போக வேண்டும். முகவரி தெரிந்த எல்லாப் பங்காளிகளுக்கும் விரைவு அஞ்சலில், சேர்ந்ததற்கு அத்தாட்சியோடு அனுப்புங்கள். அதையே படம் எடுத்து வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். காரணம் இருக்கிறது. நாளைக்கு மரம் விழுந்து நீங்கள் நஷ்டஈடு கேட்டால் முதலில் வரும் பதில், "புயலுக்கு நாங்க என்னங்க பண்றது, கடவுள் செயல்" என்பதுதான். 1958-இல் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றத்தில் இதே பேச்சு வந்தது. மழையில் ஒரு கட்டடச் சுவர் இடிந்து குழந்தைகள் இறந்த வழக்கு. அன்று பெய்தது 2.66 அங்குலம். மழைக்காலத்தில் அந்த அளவு மழை யாரும் எதிர்பாராதது அல்ல, தெய்வச் செயல் என்று தப்ப முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஐப்பசி கார்த்திகையில் காற்றும் மழையும் வரும் என்பது செட்டிநாட்டில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அதற்கு மேல் உங்கள் நோட்டீசும் கையில் கிடைத்திருந்தால், தெரியாது என்று சொல்ல வாயே இருக்காது.

போன வருஷத்து 18,000 ரூபாயையும் அதே நோட்டீசில் கேளுங்கள். மூன்று ஆண்டுக் கெடு இன்னும் இருக்கிறது. கொத்தனார் கூலி ரசீது, ஓடு வாங்கிய ரசீது, உடைந்த ஓட்டின் படம் மூன்றும் வேண்டும். பங்காளிகள் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்பதால் யாராவது ஒருவரிடம் முழுத்தொகையும் கேட்கலாம். இதற்கென்று தனி வழக்கு போட்டால் செலவு ஓட்டு விலையைத் தாண்டிவிடும். வட்ட சட்டப் பணிகள் குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு. அங்கே லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. கோட்டாட்சியர் உத்தரவு, சமரசம் இரண்டும் நடக்கவில்லை என்றால்தான் உரிமையியல் நீதிமன்றம். மட்டை கழிக்கவும் முற்றிய காயை இறக்கவும் கட்டாய உறுத்துக்கட்டளை, அதாவது இதைச் செய்தே ஆகவேண்டும் என்ற கோர்ட் உத்தரவு கேட்டு, நிலைமையைப் பார்வையிட ஒரு வழக்கறிஞர் ஆணையரையும் கேட்போம். எத்தனை வருஷமாகத் தொங்கினாலும் கவலையில்லை. அடுத்தவர் கூரை மேல் மட்டை தொங்கவிட அனுபவ உரிமை என்று ஒன்று வளராது.

பனையைத் தொடாதீர்கள். அது மாநில மரம். வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இலேயே அரசு கொண்டுவந்துவிட்டது, சொந்தக்காரருக்கே அப்படி. காய்ந்த பனை மட்டையைக் கழிப்பது வெட்டுவதாகாது. கஜாவில் தென்னந்தோப்புகள் படுத்த இடத்திலும் பனைகள் நின்றதைப் புதுக்கோட்டைப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். உங்களுக்கு ஆபத்து அந்த மரத்தால் இல்லை.

மட்டை மின்கம்பியை உரசினால் யாரையும் ஏறவிடாதீர்கள். மின்வாரிய உதவிப் பொறியாளரிடம் எழுதிக் கொடுத்து, லைனை நிறுத்திய பிறகுதான் வேலை.

இடைப்பட்ட நாளில் உங்கள் முற்றத்தில் விழும் தேங்காய் சட்டப்படி மரக்காரருடையது. ஓடு உடைந்த வயிற்றெரிச்சலில் துவையல் அரைத்துவிடாதீர்கள். தேதி போட்டு ஒரு நோட்டில் எண்ணி வையுங்கள். காய் வெட்ட அந்த ஆள் வரும்போது எடுத்துக் கொடுத்து, "இன்னார் சொல்லி வந்தேன், இத்தனை காய் பெற்றுக்கொண்டேன்" என்று அதே நோட்டில் கையெழுத்து வாங்குங்கள். மரம் யார் வசம் இருக்கிறது என்பதற்குக் கோட்டாட்சியர் முன் நாம் வைக்கப்போகும் முதல் தாள் அதுதான்.