தொலையுணர்வு, ஒளிப்பட அளவியல்: அடுத்த ஆய்வு எங்கே? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: செயற்கைக்கோள் படங்களில் ஆழ்கற்றலை வைத்து முனைவர் பட்ட ஆய்வு செய்ய ஆசை. நாசாவும் ஐபிஎம்மும் 2023-இல் வெளியிட்ட பிரித்வி போன்ற அடித்தள மாதிரிகள் (பெருந்தரவில் முன்பே பயிற்றுவித்து, பல வேலைகளுக்கும் பயன்படுத்தும் ஆழ்கற்றல் மாதிரிகள்) வந்த பிறகு புதிதாகச் செய்ய என்ன மிச்சம்?

மாதிரி தரும் விடையை எந்த இடத்தில் நம்பலாம், எந்த இடத்தில் கூடாது என்று சொல்லும் வேலை பெரும்பாலும் அப்படியே கிடக்கிறது. ஒரே வயலில் ஒரு பிக்சல் பயிற்சிக்கும் அடுத்த பிக்சல் சோதனைக்கும் போனால், மாதிரி ஏற்கெனவே பார்த்த வினாவுக்கே விடை எழுதுகிறது. நிலப்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் முழுதாகப் பயிற்சியிலோ சோதனையிலோ வையுங்கள். எச்சப்பிழைகளின் (மாதிரியின் விடைக்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாடுகளின்) வேரியோகிராம், அதாவது இரு இடங்களின் தூரம் கூடக்கூட மதிப்புகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று காட்டும் வரைபடம், எந்தத் தூரத்தில் தட்டையாகிறதோ, கட்டம் அதைவிட அகலமாக இருக்க வேண்டும். மதிப்பெண் குறையும், புதிய இடத்தில் கிடைக்கப்போவதும் ஏறத்தாழ அதுதான். வரைபடம் முழுவதற்கும் நிகழ்தகவு முறையில் (குலுக்கல்போல் இடங்களைத் தேர்ந்து) தனியாக எடுத்த கள அளவீடுகள் கையில் இருந்தால் இந்தப் பிரிப்பு தேவையில்லை.

கேள்வி: ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களில் என்டிவிஐ (தாவரப் பசுமைக் குறியீடு) காலத்தொடர் எடுத்தேன். 2022 தொடக்கத்தில் எல்லா இடத்திலும் தாவரம் திடீரெனக் குறைகிறது. வறட்சியா?

வறட்சி இல்லை, எண்ணில் வந்த மாற்றம். 2022 ஜனவரி 25 முதல், செயலாக்கப் பதிப்பு 04.00-இலிருந்து, ஒவ்வொரு பிக்சல் மதிப்போடும் 1000 கூட்டித் தருகிறார்கள். சிவப்பு 300, அண்மை அகச்சிவப்பு 3000 என்று வையுங்கள். என்டிவிஐ என்பது இவ்விரண்டின் வேறுபாட்டைக் கூட்டுத்தொகையால் வகுப்பது: 2700/3300, அதாவது 0.82. அதே செடி புதிய கோப்பில் 1300, 4000 என்று வரும். கழிக்காமல் கணக்கிட்டால் 2700/5300, அதாவது 0.51. செடி வாடவே இல்லை.

முதலில் 0 மதிப்புள்ள பிக்சல்களை ஒதுக்குங்கள். அவை தரவே இல்லாத இடங்கள். பிறகு 1000 கழித்து 10000-ஆல் வகுங்கள். படம் எடுத்த தேதியை வைத்து முடிவெடுக்காதீர்கள். பழைய படங்களை மறுசெயலாக்கம் செய்த தொகுப்பிலும் இந்தக் கூட்டல் உண்டு. ஒவ்வொரு கோப்பின் மேனிலைத் தரவிலும் (கோப்பைப் பற்றிய விவரக் குறிப்பிலும்) உள்ள திருத்த எண்ணைப் படித்துக் கழிப்பதே பாதுகாப்பு. சில மேகக்கணினித் தளங்கள் ஏற்கெனவே கழித்துத் தருகின்றன. அங்கே மறுபடி கழித்தால் எதிர்த்திசையில் தவறும். ஆழமான நீரில் கழித்தபின் எதிர்மறை மதிப்பு வந்தால் பூச்சியமாக்க வேண்டாம், சராசரி மேலே சாய்ந்துவிடும்.

வெவ்வேறு செயற்கைக்கோள்களின் பல்லாண்டுத் தரவை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருவது கவர்ச்சியில்லாத வேலைதான். ஆனால் பயிர், காடு, காலநிலை என்று எந்தப் போக்கைச் சொன்னாலும் அதன் மேல்தான் நிற்கிறது.

கேள்வி: படங்களிலிருந்து முப்பரிமாணக் காட்சி உருவாக்கும் காஸியன் ஸ்ப்ளாட்டிங் வந்துவிட்டது. ஒளிப்பட அளவியல் (படங்களிலிருந்து அளவெடுக்கும் துறை) இனி தேவையா?

தேவை. 2023-இல் வந்த அந்த முறை, படம் கண்ணுக்குச் சரியாகத் தெரியும்படி புள்ளித் திவலைகளைப் பொருத்துகிறது. திவலை சுவரின் மேல்தான் உட்கார வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. காட்சித்தரம் உயர்ந்திருக்கும்போதே சுவர் சில சென்டிமீட்டர் தள்ளி நிற்கலாம். கேமரா நிலைகளையும் பெரும்பாலும் ஒளிப்பட அளவியலின் பழைய கற்றைச் சரிசெய்தலே (எல்லாப் படங்களின் கேமரா நிலைகளையும் புள்ளிகளையும் ஒருசேரத் திருத்தும் கணக்கே) தருகிறது. லேசர் வருடலோடு ஒப்பிட்டுச் சோதிப்பதும், ஒவ்வொரு புள்ளிக்கும் பிழை வரம்பு தருவதும் திறந்தே கிடக்கும் ஆய்வுகள்.

ஒரு நடைமுறைக் கண்ணி: யுடிஎம் (மீட்டரில் இடம் குறிக்கும் உலக வரைபட முறை) ஆயத்தொலைவுகளை அப்படியே 32 பிட் தசம எண்ணில் ஏற்றாதீர்கள். 14,00,000 மீட்டர் அளவில் அடுத்தடுத்த இரு எண்களின் இடைவெளியே 12.5 செ.மீ. முதலில் உள்ளூர் தொடக்கப்புள்ளியைக் கழித்துவிடுங்கள்.

கேள்வி: ஆர்டிகே ட்ரோன் (சென்டிமீட்டர் அளவில் தன் இடத்தை அறியும் ட்ரோன்) இருந்தால் தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளே (தரையில் துல்லியமாக அளந்து குறித்த அடையாளங்களே) வேண்டாம் என்கிறார்கள். உண்மையா?

கிடைமட்டத்துக்குப் பெரும்பாலும் சரி, உயரத்துக்கு இல்லை. குவிதூரம் 8.8 மி.மீ., பிக்சல் 2.41 மைக்ரான் என்றால் குவிதூரம் சுமார் 3650 பிக்சல். 100 மீட்டர் உயரத்தில் தரையில் ஒரு பிக்சல் 2.7 செ.மீ. கேமரா நிலைகளை ஆர்டிகே பிடித்து வைத்திருக்கிறது. தன்னளவைத்திருத்தத்தில் (கேமராவின் அளவுகளை அந்தப் படங்களிலிருந்தே மென்பொருள் கணிப்பதில்) குவிதூரம் 5 பிக்சல் பிசகினால் தரை மட்டம் 14 செ.மீ. ஏறும் அல்லது இறங்கும். எல்லாப் படமும் நேர்கீழாக, ஒரே உயரத்தில், சமதரை மேல் எடுத்திருந்தால் இந்தப் பிசகைக் காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை. லென்ஸ் கோட்டத்திருத்தம் பிழைத்தால் நிலம் குவிமாடம்போல் வளையும்.

20 முதல் 30 பாகை சாய்வில் சில குறுக்கு வரிசைகளைப் பறக்கவிடுங்கள். ஒரு வரிசையாவது வேறு உயரத்தில் இருக்கட்டும். மூலைகளிலும் நடுவிலுமாக ஐந்து கட்டுப்பாட்டுப் புள்ளிகள் வையுங்கள். சரிசெய்தலில் சேர்க்காத சோதனைப் புள்ளிகளைத் தனியே அளந்து அவற்றின் பிழையை அறிக்கையில் எழுதுங்கள். கட்டுப்பாட்டுப் புள்ளிகளின் எச்சப்பிழை துல்லியம் ஆகாது.

கேள்வி: நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த நிசார் ரேடார் செயற்கைக்கோளின் தரவில் எதை ஆராயலாம்?

2025 ஜூலை 30-இல் ஏவப்பட்ட நிசாரின் எல் பட்டை ரேடார் அலைநீளம் சுமார் 24 செ.மீ. இலைகளை ஊடுருவுவதால் தாவரம் மூடிய நிலத்திலும் 12 நாள் இடைவெளிப் படங்களிடையே ஒத்திசைவு (இரு படங்களின் அலைகள் ஒப்பிடத்தக்கபடி ஒத்துப்போவது) ஓரளவு மிஞ்சும். இரு படங்களை ஒப்பிட்டு வரையும் நில நகர்வுப் படத்தில் ஒரு வண்ண வளையம் 12 செ.மீ. நகர்வு, இதைவிடக் குறுகிய அலையான சி பட்டையில் 2.8 செ.மீ. விலையும் உண்டு: அயனமண்டலத் தாமதம் அலைநீளத்தின் இருமடிப்படி வளர்வதால், சி பட்டையைப்போல் ஏறத்தாழ 18 மடங்கு.

எனக்கு மிக வளமாகப் படுவது கட்ட மூடல் (இங்கே கட்டம் என்பது ரேடார் அலையின் நிலை). மூன்று படங்களின் மூன்று சோடிகளில் கட்ட வேறுபாட்டைச் சுற்றிக் கூட்டினால் பூச்சியம் வர வேண்டும். பலநோக்குச் சராசரி (அருகருகே உள்ள பிக்சல்களின் சராசரி) எடுத்த தரவில் வராமல் போவதுண்டு. மண் ஈரமும் பயிர் வளர்ச்சியும் முக்கியக் காரணங்கள். குறுகிய இடைவெளிச் சோடிகளை மட்டும் அடுக்கினால் அந்த மிச்சம் சேர்ந்து, இல்லாத நில அமிழ்வைக் காட்டும். அதை நீக்குவது ஒரு ஆய்வு. அதிலிருந்தே மண் ஈரத்தைப் படிப்பது இன்னொன்று.