பைக் மீனுக்கு முதல் தூண்டில்: கோலுக்கு முன் குறடு

கேள்வி: தவளை லூர் (செயற்கை இரை) போட்டு விரால் பிடித்துப் பழகியிருக்கிறேன். இப்போது இருக்கும் குளிர்நாட்டில் பக்கத்து ஏரியில் பைக் (கூரிய பற்களுள்ள நன்னீர் வேட்டை மீன்) உண்டு என்கிறார்கள். விராலுக்கு வைத்திருக்கும் ராடு போதுமா? ஸ்டீல் வயர் கட்டாயமா? அந்தப் பல்லுக்குள் கையை விட்டுத் தூண்டில் முள்ளை எப்படிக் கழற்றுவது? எங்கே, எப்போது போட வேண்டும்?

பதில்: ராடு பெரும்பாலும் போதும். வயர் கட்டாயம், அதில் பேரம் இல்லை. ஆனால் நீங்கள் மூன்றாவதாகக் கேட்டதற்குத்தான் முதலில் பதில் தேட வேண்டும். புதியவர்கள் ராடு, ரீல், பத்துப் பன்னிரண்டு லூர் என்று வாங்கி முடித்துவிட்டு, முள் கழற்றும் கருவி இல்லாமல் கரையில் நிற்பார்கள். தண்ணீருக்குள் முரடாகத் தெரியும் பைக், வெளியே எடுத்தால் சீக்கிரம் துவண்டுவிடும். அதன் வாயில் மூன்று முனை முள் சிக்கியிருக்க, கையில் வெறும் துணியோடு ஐந்து நிமிடம் போராடினால், திருப்பி விட்டாலும் அது பிழைப்பது சந்தேகம்.

ஆகவே முதலில் வாங்க வேண்டியவை இவை. 28 முதல் 30 செ.மீ. நீளமுள்ள, மூக்கு நீண்ட குறடு ஒன்று. தடித்த முள்ளையும் துண்டாக்கும் வெட்டுக் குறடு ஒன்று. வாங்கியதும் உங்கள் லூரில் இருக்கும் முள் ஒன்றை வெட்டிப் பாருங்கள். சில குறடுகள் வயரை வெட்டும், முள்ளில் பல் பெயர்ந்துபோகும். அடுத்து, மீனைக் கிடத்த மெத்தென்ற விரிப்பு. பிறகு வாய் 70–80 செ.மீ. அகலமுள்ள கைவலை, ரப்பர் பூசிய கண்ணியாக. மெல்லிய நூல் வலை வேண்டாம். பைக் வலைக்குள் உருளும் மீன். ஒரு முள் வாயிலும் இன்னொரு முள் நூலிலுமாக மாட்டிக்கொண்டால், அதைப் பிரிப்பதற்குள் மீனுக்கும் உங்களுக்கும் மூச்சு வாங்கிவிடும்.

ராடு, ரீல், லைன்

தவளைக்கான ராடு என்றால் ஏறத்தாழ 7 அடி நீளம், விறைப்பான நடு உடம்பு, 40 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னிய லைன்) என்றுதான் இருக்கும். அது பைக்குக்கும் சரி. புதிதாக வாங்குவதானால் 7 முதல் 8 அடி நீளத்தில், 20 முதல் 80 கிராம் வரை வீசலாம் என்று எழுதியிருப்பதாகப் பாருங்கள். ஸ்பின்னிங் ரீல் 4000 அளவு. பிரெய்டு 30 முதல் 50 பவுண்டு. இவ்வளவு தடிமன் எதற்கு என்று தோன்றலாம். மீனின் எடை மட்டும் காரணம் அல்ல. 40 கிராம் லூரை ஓங்கி வீசும்போது ரீலில் லைன் ஒருமுறை சிக்கினால் போதும், மெல்லிய பிரெய்டு பட்டென்று அறுந்து லூர் பறந்துவிடும். மேலும் லேசான லைனில் நெடுநேரம் விளையாட்டுக் காட்டிக் களைக்க வைத்த மீன், திரும்ப விட்டபின் தேறுவது கடினம்.

டிராக்கை (மீன் இழுக்கும்போது லைனை நழுவ விடும் ரீலின் பிரேக்) கையால் இழுத்துத் 'தோராயமாக' வைக்காமல், ஒரு தொங்கு தராசை லைனில் மாட்டி 3 கிலோ காட்டும்போது நழுவுமாறு வையுங்கள். பைக் இழுபட்டுச் சாதுவாகக் கரைக்கு வந்துவிடும். உங்கள் காலடியைப் பார்த்த நொடியில்தான் அதன் முழு வேகமும் வெளிப்படும். டிராக் இறுகியிருந்தால் அந்த ஒரு பாய்ச்சலில் முள் கிழித்துக்கொண்டு வந்துவிடும்.

வயர் ஏன் கட்டாயம்

பைக்கின் கீழ்த்தாடையில் இருப்பவை கத்தி போன்ற பெரிய பற்கள். மேலண்ணத்தில் இருப்பவை உள்நோக்கிச் சாய்ந்த நூற்றுக்கணக்கான சிறு பற்கள். முன்னவை வெட்டும், பின்னவை பிடித்ததை நழுவ விடாது. பிரெய்டும் நைலானும் அந்தப் பெரிய பல் பட்ட மாத்திரத்தில் போய்விடும். அறுத்துக்கொண்டு போன மீன் தப்பித்தது என்று நினைத்துவிடக் கூடாது. வாயில் லூரோடு இரை பிடிக்க முடியாமல் திரியும்.

லூருக்கு 30 செ.மீ. நீளமும், செத்த மீனை இரையாக வைப்பதானால் 45–50 செ.மீ. நீளமும் உள்ள வயர் லீடர் (லைனுக்கும் முள்ளுக்கும் நடுவே வரும் வயர்த் துண்டு) போதும். தாங்குதிறன் 30 பவுண்டுக்குக் குறைய வேண்டாம். ஒரு முனையில் ஸ்விவல் (லைன் முறுக்கேறாமல் சுழலும் இணைப்பு), மறுமுனையில் லூர் மாட்டும் ஸ்னாப் (திறந்து மூடும் கொக்கி). ஏழு இழை வயர் மலிவானது, ஆனால் ஒரு பெரிய மீன் உருண்டால் சுருண்டு போகும். 49 இழை வயர் மிருதுவானது, அதிக நாள் வரும். எதுவானாலும் ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் வயரை விரலிடையே உருவிப் பாருங்கள். ஓரிடத்தில் மடிந்த கூர்முனை தட்டினால், அல்லது ஒரு இழை பிசிறி விரலைக் குத்தினால், அந்த லீடர் குப்பைக்கு. வயர் மடிந்த இடத்தில்தான் அறும்.

வயருக்குப் பதில் ஃபுளோரோகார்பன் (ஒரு வகை பிளாஸ்டிக் லைன்) போதும் என்று சொல்பவர்கள் உண்டு. 0.9 மி.மீ.க்கு மேல் தடித்ததாக, ஒவ்வொரு மீனுக்கும் பிறகு கீறல் பார்த்து மாற்றுபவர்களுக்கு அது சரிவரலாம். தொடங்குபவருக்கு நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

பிரெய்டை ஸ்விவலில் பாலோமர் முடிச்சாகக் கட்டுங்கள். இறுக்கும் முன் எச்சில் தொட்டு ஈரமாக்குங்கள். காய்ந்த முடிச்சு உராய்ந்து சூடாகிப் பலம் இழக்கும்.

எந்த லூர்

மூன்று போதும். 20–28 கிராம் ஸ்பூன் (கரண்டி வடிவ உலோக லூர்) ஒன்று. 12–15 செ.மீ. ரப்பர் மீன், 10–20 கிராம் ஜிக் தலையில் (எடைத் தலை சேர்ந்த முள்). பாசிக்குள் போட, முள் மறைந்த ரப்பர் மீன் ஒன்று. உங்கள் தவளை லூரும் வீண் அல்ல. கோடையின் தொடக்கத்தில் அல்லி இலைகளுக்கு மேல் இழுத்தால் பைக் அடிக்கும்.

முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சிறு எதிர்க்கூரை, வீட்டிலேயே குறடால் நசுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். லைன் தொய்யாமல் வைத்திருந்தால் மீன் கழன்று போவது அரிது. கழற்றும் வேலையோ பாதியாகும். உங்கள் சொந்த விரலில் ஏறினாலும் வெளியே வரும். முனை கூராக இருக்கிறதா என்று கட்டைவிரல் நகத்தில் வைத்து இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் தீட்ட வேண்டும். பைக்கின் வாய் பெரும்பகுதி எலும்பு.

எங்கே, எப்போது

விரால் எங்கே ஒளியுமோ அங்கேதான் இதுவும். முதுகுத் துடுப்பும் அடித் துடுப்பும் வாலுக்கு நெருக்கமாக அமைந்த உடல் அம்பு மாதிரி. நின்ற இடத்திலிருந்து பாய்வதற்கு ஏற்றது, துரத்திக்கொண்டே போவதற்கு அல்ல. எனவே மறைவும் இரை போகும் வழியும் சேரும் இடங்களைப் பாருங்கள்: நாணல் விளிம்பு, பாசிப் படுகை முடியும் கோடு, விழுந்த மரம், ஓடை ஏரியில் சேரும் வாய், தரை சட்டென்று ஆழமாகும் இடம். பாசிக்கு நடுவே வீசுவதைவிட அதன் ஓரத்தை ஒட்டி, இணையாக இழுத்தால் லூர் அதிக நேரம் மீன் பார்வையில் இருக்கும்.

தொடங்க நல்ல காலம் இலையுதிர்காலம். பாசி மடியத் தொடங்கும், சிறு மீன்கள் கூட்டம் சேரும், பைக் பகலிலும் இரை எடுக்கும். மேகமூட்டமும் லேசான காற்றும் இருந்தால் நல்லது. குளிர்காலத்தில் ஆழத்துக்குப் போய்விடும். அதிகாலையில் விறைப்பதைவிட நண்பகலை ஒட்டிப் போகலாம். தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பைக்கை விட்டுவிட்டு வேறு மீனுக்குப் போங்கள். வெதுவெதுப்பான நீரில் ஆக்சிஜன் குறைவு. போராடிக் களைத்த மீன் நன்றாக நீந்திப் போவதுபோல் தோன்றினாலும் பிறகு செத்துப்போகும்.

வீசுவதும் இழுப்பதும்

ஒரே இடத்தில் ஐம்பது முறை வீச வேண்டாம். கடிகார முகம்போல இடமிருந்து வலமாக ஏழெட்டு வீச்சு, பிறகு இருபதடி நகருங்கள். முதல் வீச்சில் ஸ்பூனை மூழ்க விட்டு எண்ணுங்கள். எட்டு எண்ணும்போது லைன் தொய்ந்தால் அது தரையைத் தொட்டுவிட்டது. அடுத்த வீச்சில் ஆறிலேயே இழுக்கத் தொடங்கினால் லூர் தரைக்குச் சற்று மேலே, பாசியில் சிக்காமல் வரும். புதியவர்கள் எல்லாரும் செய்யும் தவறு வேகமாகச் சுற்றுவது. தண்ணீர் குளிரக் குளிர இன்னும் மெதுவாக, நடுநடுவே ஒரு நொடி நிறுத்தி இழுங்கள். அடி பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான் விழும்.

லூர் கரைக்கு வந்ததும் சட்டென்று தூக்கிவிடாதீர்கள். பைக் பின்தொடர்ந்து வந்து, இரண்டடி தள்ளி நின்று பார்க்கும் பழக்கமுள்ளது. ராடு நுனியைத் தண்ணீருக்குள் தாழ்த்தி, லூரைக் கரைக்கு இணையாக ஒரு மீட்டர் இழுத்துத் திருப்புங்கள். சில சமயம் அந்தத் திருப்பத்தில் அடிக்கும்.

இனி, விரால்காரர்கள் மறக்க வேண்டிய ஒன்று. தவளையை விரால் விழுங்கினால் ஓரிரு நொடி பொறுத்து இழுப்போம். இங்கே பொறுக்கவே கூடாது. லூர் உயிரில்லாதது என்று தெரிந்ததும் பைக் துப்பிவிடும். தட்டியது தெரிந்தவுடன், ராடைத் தாழ்வாகப் பக்கவாட்டில் அழுத்தமாக இழுத்து, சுற்றுவதை நிறுத்தாமல் தொடருங்கள்.

செத்த மீனை இரையாக வைத்துத் தக்கையோடு காத்திருக்கும் முறை குளிர்காலத்தில் பெரிய மீனைத் தரும். அயிலை, மத்தி, ஹெர்ரிங் எதுவும் ஆகும். ஆனால் அதை இரண்டாவது பருவத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பைக் இரையைக் குறுக்காகக் கவ்வி, தலைப்பக்கம் திருப்பி விழுங்கும். தக்கை நகர்ந்த பிறகும் 'இன்னும் கொஞ்சம்' என்று காத்திருந்தால் முள் தொண்டையைத் தாண்டி வயிற்றுக்குப் போய்விடும். முள் கழற்றிப் பழகாத கைக்கு அது ஆகாது. பழகிய பிறகும் ராடைவிட்டு நகர்ந்து தேநீர் போடப் போகிறவர்களுக்கான முறை அல்ல அது.

முள்ளைக் கழற்றுவது

விரிப்பை நனைத்து வையுங்கள். காய்ந்த பரப்பு மீனின் வழவழப்பை உரித்துவிடும். வலையைக் கைப்பிடியில் தூக்காமல் வளையத்தைப் பிடித்துத் தூக்கி, மீனை மல்லாக்கக் கிடத்துங்கள். அதன் இருபுறமும் முழங்கால் ஊன்றி மண்டியிடலாம், எடையை மட்டும் அதன்மேல் வைக்கக் கூடாது.

இப்போது வலக்கைப் பழக்கமுள்ளவர் இடக்கையைப் பயன்படுத்துங்கள். மெல்லிய கையுறை போட்டுக்கொள்ளலாம். நான்கு விரல்களைச் சேர்த்துத் தட்டையாக, செவுள் மூடியின் உட்பக்கத்தை உரசிக்கொண்டே தாடையின் முன்பக்கம் நகர்த்துங்கள். இரண்டு மூடிகளும் தாடைக்கு அடியில் சேரும் இடத்தில் விரல் தானாக நிற்கும். கட்டைவிரலை வெளியே வைத்து அங்கே இறுகப் பிடித்துச் சற்றே தூக்கினால் வாய் திறக்கும். விரல்கள் மூடியோடு ஒட்டியே இருக்க வேண்டும். உள்ளே தள்ளினால் சிவந்த செவுளைத் தொட்டுவிடுவீர்கள். அதில் மீனுக்கு ரத்தம் கொட்டும், அங்குள்ள கூர்கள் உங்கள் விரலையும் கிழிக்கும்.

குறடால் முள்ளின் வளைவைப் பிடித்து, அது உள்ளே போன வழியே பின்னோக்கித் திருப்புங்கள். எதிர்க்கூர் நசுக்கியிருந்தால் கழன்று வரும். முள் ஆழத்தில் இருந்தால் வாய்வழியே துழாவாமல், செவுள் திறப்பின் பக்கவாட்டிலிருந்து குறடை மெல்ல விட்டுப் புரட்டலாம். அரை நிமிடத்தில் வரவில்லையா, வெட்டுக் குறடை எடுத்து முள்ளைத் துண்டாக்குங்கள். முள் மலிவு. வாயை நெம்பித் திறக்கும் கம்பி ஸ்பிரிங் கடைகளில் இருக்கும். வாங்காதீர்கள், அது தாடையைக் கிழிக்கும்.

படம் எடுப்பதென்றால் மீன் தண்ணீரிலோ வலையிலோ இருக்கும்போதே கேமராவைத் தயார் செய்யுங்கள். ஒரு கை தாடையில், இன்னொரு கை அடித் துடுப்புக்கு அருகில், மீன் படுத்தவாக்கில். தாடையால் செங்குத்தாகத் தொங்கவிட்டால் பெரிய மீனுக்கு உள்காயம் ஏற்படும். உறைபனி நாளில் தூக்கவே வேண்டாம், செவுளும் கண்ணும் நொடியில் உறையும். விடும்போது நிமிர்த்திப் பிடித்து, அதுவாக வாலை அடித்து நகரும்வரை காத்திருங்கள். முன்னும் பின்னுமாக ஆட்டுவது பழைய வழக்கம், பயன் இல்லை.

போவதற்கு முன்

உரிமம் வாங்குங்கள். பைக் வசந்தத்தில், நீர் சற்று வெப்பமாகத் தொடங்கும்போது முட்டையிடும் மீன். பல இடங்களில் அந்தக் காலத்தில் தடை உண்டு. இங்கிலாந்தின் ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை பைக்குக்குத் தூண்டில் போடக் கூடாது. சில நாடுகளில் உயிருள்ள மீனை இரையாக வைப்பது குற்றம். எத்தனை செ.மீ. வரை எடுக்கலாம் என்பதும் ஏரிக்கு ஏரி மாறும். உரிமத்தோடு வரும் விதித்தாளைப் படித்துவிட்டுப் போங்கள். சமைக்க எடுக்க அனுமதி இருந்தால் நடுத்தர அளவு மீனை எடுங்கள். பெரியவை பெரும்பாலும் பெண் மீன்கள். தசைக்குள் ஒய் வடிவச் சிறு முட்கள் வரிசையாக இருக்கும், துண்டு போடும்போதே அந்த வரிசையை வெட்டி எடுத்துவிட வேண்டும்.