அப்பத்துக்கு ஒரு நேரம்

அன்புள்ள அக்கா,

போன ஆவணியில் அம்மாவை அழைத்துக்கொண்டு மூன்று நாள் கொழும்பு வந்திருந்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. அதனால் கண்டி, சிகிரியா எதற்கும் போகவில்லை. வெள்ளவத்தையில் தங்கினோம், காலி வீதியில் சாப்பிட்டோம், கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், திரும்பிவிட்டோம். "பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டுப் போய் டீயும் பன்னும் சாப்பிட்டுட்டு வந்தியா?" என்று ஆபீஸில் இன்னும் கேட்கிறார்கள்.

இரண்டு விஷயம் மனதில் கிடக்கிறது. நீங்கள் எழுதியதைப் படித்து அப்பம் சாப்பிட ஆசைப்பட்டோம். மதியம் இரண்டரை மணிக்கு மூன்று கடை ஏறி இறங்கினோம், மூன்றிலும் இல்லை என்றார்கள். இன்னொன்று, ஒரு பேக்கரியில் டீ மட்டும்தான் கேட்டோம். பத்துப் பன்னிரண்டு பலகாரம் அடுக்கிய தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டார் அந்தத் தம்பி. "நாம கேக்கவே இல்லையே, எல்லாத்துக்கும் காசு வாங்கிடுவாங்க" என்று பயந்து, டீயைக்கூட முழுசாகக் குடிக்காமல் அம்மா எழுந்துவிட்டார். மற்றபடி சாப்பாடு நம் ஊர்ச் சாப்பாடு மாதிரியேதான் இருந்தது.

பொங்கல் முடிந்து இரண்டு நாள் மறுபடியும் வருகிறோம். அம்மா சைவம், நான் எல்லாம் சாப்பிடுவேன். நல்ல கடைகளுக்கு ஒரு பட்டியல் தருவீர்களா? சாப்பிடுவதற்காக இன்னொரு நாட்டுக்குப் போவது தப்பா அக்கா?

ஒரு வாசகி, திருச்சி

அன்பின் தங்கைக்கு,

அந்தத் தட்டை முதலில் சொல்லிவிடுகிறேன், அம்மாவின் மனதில் அது கிடக்கக்கூடாது. இங்கே தேத்தண்ணிக் கடையிலும் பேக்கரியிலும் உட்கார்ந்தால், கேட்டாலும் கேட்காவிட்டாலும் தட்டு வரும். ரோல்ஸ், கட்லட், பற்றிஸ், முக்கோணமாக மடித்த மரக்கறி (காய்கறி) ரொட்டி, மீன் பணிஸ் (பன்) எல்லாம் அதில் இருக்கும். வேண்டியதை எடுத்துச் சாப்பிடலாம். எழும்பும்போது, தட்டில் எத்தனை குறைந்திருக்கிறது என்று எண்ணி அதற்கு மட்டும் காசு வாங்குவார்கள். ஒன்றையும் தொடாவிட்டால் தேத்தண்ணிக்கு மட்டும்தான். நீங்கள் எடுத்ததை நீங்களே சொன்னாலும் நம்புவார்கள்.

உங்கள் அம்மாவின் பயம் எனக்குத் தெரியும். 1996இல் யாழ்ப்பாணத்திலிருந்து அப்பாவோடு முதல்முறை கொழும்புக்கு வந்தபோது எங்களுக்கும் அந்தத் தட்டு வந்தது. அப்பா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு ஒரேயொரு ரோல்ஸை எடுத்து, இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை என் பக்கம் தள்ளினார். மேலே ரஸ்க் தூள் மொறுமொறுவென்று, உள்ளே உருளைக்கிழங்கும் மீனும் மிளகும் சுடச்சுட. மிச்சப் பதினொன்றுக்கும் சேர்த்துக் காசு கேட்கப்போகிறார்கள் என்று கடைசிவரை நடுங்கிக்கொண்டிருந்தோம். கடைக்காரர் தட்டைப் பார்த்து ஒன்றுக்கு மட்டும் காசு சொன்னார். அப்பா வெளியே வந்து நின்று, திரும்பி அந்தக் கடையைப் பார்த்தார். சிங்களம் தெரியாத, பையில் அடையாள அட்டையைப் பத்துத்தரம் தொட்டுப் பார்க்கிற அந்த நாட்களில், இந்த ஊரில் ஒருவர் எங்களை நம்பினார் என்று நான் உணர்ந்த முதல் இடம் அது.

அப்போது நாங்கள் தங்கியிருந்தது வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ். அறையில் அடுப்பு வைக்கக்கூடாது. விசாவுக்கும் பாஸ்போட்டுக்கும் காத்திருந்த எத்தனையோ குடும்பங்கள் அப்படித்தான் இருந்தன. காலையில் இடியப்பம் எண்ணி வாங்குவோம், சொதியும் சம்பலும் பையில் கட்டித் தருவார்கள். கட்டிலில் பேப்பர் விரித்துச் சாப்பிடுவோம். 1983 யூலைக் கலவரத்தில் எரிந்த காலி வீதி இது. அதே வீதியில் திரும்பவும் அடுப்பு மூட்டியவர்களின் கையால்தான் நாங்கள் அந்த மாதங்களில் உயிர் வளர்த்தோம். அதனால் "டீயும் பன்னும்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் ஆபீஸ்காரர்களிடம் என் சார்பில் சொல்லுங்கள்: கொழும்பிலிருந்து சிகிரியாவுக்கு ஏறக்குறைய 170 கிலோமீற்றர். போக நாலு மணித்தியாலம், வர நாலு. முழங்கால் வலிக்கும் ஒரு தாயை மூன்று நாளில் ஒரு நாள் வாகனத்தில் இருத்தி, ஏற முடியாத மலையைக் கீழே நின்று பார்க்கச் சொல்வதைவிட நீங்கள் செய்தது நூறு மடங்கு சரி.

இனி அப்பம். நீங்கள் கடை மாறி மாறி ஏறினீர்கள், பிழை கடையில் இல்லை. இரண்டரை மணிக்கு அப்பம் கேட்டால் இந்த ஊரில் பெரும்பாலான கடைகளில் இருக்காது. அரிசியை ஊறவைத்து அரைத்துப் புளிக்கவிட்டு, சுடுவதற்குச் சற்று முன்னால் தேங்காய்ப்பால் விட்டுக் கரைப்பார்கள். முன்பெல்லாம் கள்ளு விட்டுப் புளிக்கவைத்தார்கள், இப்போது ஈஸ்ட். பால் விட்ட மா நெடுநேரம் தாங்காது. அதனால் விடியற்காலையில் ஒரு சூடு, பொழுதுபட்டபின் ஒரு சூடு. இடையில் தாச்சி, அதாவது அப்பச் சட்டி, கவிழ்த்து வைத்திருக்கும். சாயந்தரம் ஐந்தரை, ஆறுக்கு மேல் போங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கிற மேசையாகப் பாருங்கள். தாச்சியிலிருந்து நேரே தட்டுக்கு வரும் அப்பத்தின் ஓரம் ஐந்து நிமிடத்தில் வளைந்துவிடும், அதற்குள் சாப்பிட வேண்டும். முதலில் ஒரு வெள்ளை அப்பம் மிளகாய் இடித்த கட்டச் சம்பலோடு, பிறகு முட்டை அப்பம், கடைசியில் நடுவில் கட்டித் தேங்காய்ப்பால் விட்ட பாலப்பம். அம்மாவுக்கு முதலும் கடைசியும், ஆனால் சம்பலைப் பற்றிக் கீழே சொல்வதைப் படித்துவிட்டு.

ஆகவே, நீங்கள் கேட்ட பட்டியலை நான் தரப்போவதில்லை. இந்த ஊரில் எந்தக் கடை என்பதைவிட எத்தனை மணி என்பதுதான் முக்கியம். சோறு பதினொன்றரையிலிருந்து ஒன்றரை வரை. அந்த நேரம் அலுவலகப் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்சல் வாங்கும் கடை எதுவோ அதுதான் நல்ல கடை. இரண்டு மணிக்குப் போனால் பருப்பும் அப்பளமும்தான் மிஞ்சும். ரோல்ஸ் மூன்றரை நாலுக்கு எண்ணெயிலிருந்து வரும், காலையில் பொரித்ததை மத்தியானம் சாப்பிடாதீர்கள். அதே நாலு, நாலரை மணிக்குத் தெருவுக்குள் ஓட்டோவில் பாண் (பிரெட்) விற்கும் பாண்காரர் வருவார். பீத்தோவன் 1810இல் எழுதிய 'ஃபூர் எலிசே' என்ற பியானோ மெட்டு ஒலிபெருக்கியில் கரகரத்துக்கொண்டு வரும். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அது பாண்காரரின் பாட்டு, பீத்தோவனின் பாட்டு என்று பிறகுதான் படிப்பார்கள். மறித்து ஒரு கிம்புலா பணிஸ் வாங்குங்கள். சிங்களத்தில் கிம்புலா என்றால் முதலை. நீளமாக, மேலே சீனி தூவி இருக்கும். கொத்து ரொட்டி இரவு எட்டுக்குப் பிறகு. தகரத்தில் இரும்பு அடிக்கும் அந்தத் தாளம் எங்கே கேட்கிறதோ அங்கே போகலாம்.

"நம் ஊர்ச் சாப்பாடு மாதிரியே" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீங்கள் போன முறை சைவக் கடையில் இட்லியும் தோசையும் சாப்பிட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அவை நல்லவைதான், ஆனால் திருச்சியில் இருப்பவருக்கு அவை எதற்கு? பிட்டும் இடியப்பமும் எடுங்கள். சொதியை ஊற்றிக் குழைத்துப் பாருங்கள். சாம்பார் செய்யும் வேலையைச் சொதி செய்யாது. தேங்காய்ப்பாலும் தேசிக்காய் (எலுமிச்சை)ப் புளியும் வெந்தயமும் மென்மையாக உறைப்பைத் தணிக்கும். எங்கள் கறித்தூளில் மிளகாயையும் மல்லியையும் சேர்த்து வறுத்து இடிப்போம், அந்தக் கருகலுக்கு ஒரு படி முந்திய வாசம் உங்கள் ஊர்க் குழம்பில் இல்லை. யாழ்ப்பாணக் கடைகளில் நண்டுக் கறி கிடைக்கும் நாளாக இருந்தால் நீங்கள் மட்டும் ஒரு தட்டு.

அம்மாவுக்காக ஒன்றைக் கவனமாகப் படியுங்கள். இங்கே சம்பலில் மாசி போடுவார்கள். மாலைதீவிலிருந்து வரும், காய்ந்து கட்டையாகிப்போன சூரை மீன் அது. இடித்துத் தூவினால் கண்ணுக்குத் தெரியாது. தேங்காய்ச் சம்பல், கட்டச் சம்பல், சீனிச் சம்பல், சில இடங்களில் பருப்பிலும்கூட. "வெஜிடேரியனா?" என்று கேட்டால் ஓம் என்றுதான் சொல்வார்கள், ஏனென்றால் மாசியைப் பலர் மச்சமாக, அதாவது அசைவமாகவே, நினைப்பதில்லை. "மாசி போட்டிருக்கா?" என்று கேளுங்கள். சைவக் கடை என்று பலகை போட்ட இடத்தில் இந்தக் கவலை இல்லை. முஸ்லிம் கடைகளில் வட்டிலப்பம் என்ற இனிப்பைக் கண்டால் நீங்கள் விடாதீர்கள். கித்துள் மரத்துக் கருப்பட்டியும் ஏலமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்தது. முட்டை இருப்பதால் அம்மாவுக்கு வேண்டாம்.

பால் தேத்தண்ணி உங்களுக்குப் பிடித்திருக்காது என்று ஊகிக்கிறேன். கடைகளில் பெரும்பாலும் பால்பவுடர் கரைத்த மாப்பால்தான், அந்த ருசிக்கு நாக்கு பழக வேண்டும். இஞ்சி போட்ட பிளேன்டீ கேளுங்கள். மலையகத்தில் உங்கள் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பறித்த கொழுந்து அது. அதைப் பாலில் மறைக்காமல் குடிக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

ஒரு காலைப்பொழுது ரயிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளவத்தை நிலையத்தில் பத்து மணிக்குமேல், அலுவலகக் கூட்டம் வடிந்த பிறகு, கொழும்பு கோட்டை நிலையத்துக்கு ஒரு மூன்றாம் வகுப்புச் சீட்டு. இடப்பக்க யன்னல். பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி தாண்டும்வரை தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவில் கருங்கல் மட்டும்தான். படி உயரம், அம்மாவை முன்னால் ஏற்றிவிட்டு நீங்கள் பின்னால் ஏறுங்கள். கோட்டையில் இறங்கிப் புறக்கோட்டைக் கடைத்தெருவுக்குள் போனால் சிவப்பும் வெள்ளையுமாக 1909இல் கட்டி முடித்த பள்ளிவாசலை வெளியிலிருந்து பார்க்கலாம். அதற்கு மேல் அந்த நெரிசலில் அம்மாவை நடத்தாதீர்கள், ஓட்டோ பிடித்துத் திரும்புங்கள்.

கடைசிச் சாயந்தரம் கடலோரத்துக் காலிமுகத்திடல். நீங்கள் இறால் வடை, அம்மா கடலை. அங்கே ஒரு பழைய கல் இருக்கிறது. ஆளுநர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த நடைபாதை இது, கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் பின்வரும் ஆளுநர்கள் இதைப் பேண வேண்டும் என்று அதில் பொறித்திருக்கிறார்கள். சாப்பிடுவதற்காக இன்னொரு நாட்டுக்குப் போவது தப்பா என்று கேட்டீர்களே, தாயும் மகளுமாக அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் ஒன்றும் செய்யாமல் உட்காருங்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. வரும் திகதியில் பௌர்ணமி விழுகிறதா என்று நாட்காட்டியில் பாருங்கள். போயா நாளில் இறைச்சிக் கடை, மதுக்கடை எல்லாம் பூட்டு, பல சாப்பாட்டுக் கடைகளும் திறக்காது. அன்று காலை வெள்ளவத்தைச் சைவக் கடையில் பிட்டு இருக்கும். அம்மாவை அந்தப் பேக்கரிக்கும் திரும்பக் கூட்டிக்கொண்டு போங்கள், நாலு மணிக்கு. தட்டு வரும். மரக்கறி ரொட்டி எது என்று கேட்டு, அவர் கையாலேயே ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா