Re: சிறையிலிருந்து வந்த முன்னாள் ராணுவ வீரருக்கு வீடு கிடைக்கவில்லை

பக்கத்து வீட்டுக்காரரின் தம்பி, முன்னாள் அமெரிக்க ராணுவ வீரர், சிறையிலிருந்து வந்து காரில் தூங்குகிறார், யாரும் வீடு தருவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். முதலில் அவரையே 877-424-3838 எண்ணில் பேசச் சொல்லுங்கள். வீடற்ற முன்னாள் வீரர்களுக்காக விஏ (அமெரிக்க அரசின் முன்னாள் ராணுவ வீரர் நலத்துறை) இரவுபகலாக நடத்தும் எண் அது. ஹட்-வாஷ் வாடகை உதவியைப் பெயர் சொல்லியே கேட்கட்டும். பழைய தண்டனை அதற்குத் தடையில்லை. பாலியல் குற்றவாளிப் பட்டியலில் ஆயுள் முழுக்கப் பெயர் இருந்தால்தான் சிக்கல்.

அப்புறம், பலர் கோட்டைவிடுவது இது: பெருங்குற்றத்துக்காகச் சிறையில் 60 நாள் தாண்டினால் விஏவின் ஊன உதவித்தொகை குறைந்துவிடும். விடுதலையானதைத் தெரிவித்தால்தான் பழையபடி வரும். சிறை விடுதலைத் தாளும், ராணுவப் பணி முடித்ததற்கான டிடி-214 சான்றும் கையில் இருக்கட்டும்.

வேலை தரத் தயங்கும் முதலாளியிடம் ஃபெடரல் பாண்டிங் பற்றிச் சொல்லலாம். ஊழியர் திருடினால் ஈடுகட்டும் காப்பீடு, முதல் 6 மாதம் இலவசம்.