இரத்தக்கறை பட்ட துணியை ஏன் கடதாசிப் பையில் போடுகிறார்கள்?

கேள்வி இதுதான்: "படங்களில் பொலிஸார் எல்லாவற்றையும் உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பையில் போடுகிறார்கள். உண்மையில் கடதாசிப் பைதான் பாவிப்பார்களாமே, ஏன்?"

இதற்குப் பதில் எங்கள் அம்மாவுக்கே தெரியும். திருகோணமலையில் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் முற்றத்தில் கருவாடு போடுவார். ஒருமுறை மழை இருட்டிக்கொண்டு வந்தது. அரைகுறையாய்க் காய்ந்ததை நான் அள்ளி ஒரு சொப்பிங் பையில் கட்டி வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் அவிழ்த்தால், பையின் உள்பக்கம் வியர்த்திருந்தது, மீன் நொதுநொதுவென்று ஆகியிருந்தது. அன்று வாங்கிய ஏச்சு இன்னும் காதில் இருக்கிறது.

பிறகு கிழக்கு மாகாணத்தில் சில நீதிமன்றங்களில் எழுதுவினைஞராக இருந்தேன். சான்றுப் பொருள் அறையின் சாவி சில வருடம் என் கையில்தான். அதில் ஒரு நீதிமன்றத்தில் (எதுவென்று சொல்லப் போவதில்லை) விசாரணை நடக்கும்போது ஒரு சட்டையைப் பிரித்தோம். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே அழகாக அரக்கு முத்திரையும் வைத்திருந்தார்கள். திறந்ததும் முன்வரிசை எழுந்து பின்னால் போய்விட்டது. துணி முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். எதிரியின் சட்டத்தரணி மூக்கைப் பொத்திக்கொண்டே, "இதில் எது இரத்தம், எது பூஞ்சணம் என்று யாராவது காட்டுங்கள்" என்றார். யாராலும் காட்ட முடியவில்லை.

விஷயம் அவ்வளவுதான். ஈர இரத்தத்தைக் காற்றுப் போகாமல் அடைத்தால் பாக்டீரியாவும் பூஞ்சணமும் பெருகி மரபணுவைத் தின்றுவிடும். எங்கள் ஊர்ச் சூட்டுக்கு அது இன்னும் வேகமாக நடக்கும். அதனால் முதலில் துணியை நிழலில், ஆள் நடமாட்டம் இல்லாத அறையில் தானாகவே காயவிட வேண்டும். வெயிலில் போடக்கூடாது, மின்விசிறியை நேரே திருப்பவும் கூடாது. கீழே சுத்தமான தாள் விரிப்பார்கள். உதிர்கிற மணலோ முடியோ அதில்தான் விழும் என்பதால் அந்தத் தாளையும் மடித்து, தனியாகப் பொதி செய்து அனுப்ப வேண்டும். கறை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஒற்றாமல் துணியின் மடிப்புக்கு இடையிலும் தாள் வைத்து, மிச்ச ஈரமும் வெளியேற விடும் கடதாசிப் பையில் போடுவார்கள். அடிபட்டவரின் உடுப்பையும் சந்தேகநபரின் உடுப்பையும் ஒரே மேசையில் பரப்புவது பெரும் பிழை. ஒரு நூல் அங்கிருந்து இங்கே ஒட்டினால் போதும், இருவரும் கட்டிப் புரண்டதாக ஆகிவிடும்.

அதற்காக எல்லாவற்றுக்கும் கடதாசி என்று நினைக்க வேண்டாம். தீ வைத்த வழக்கு என்றால் அப்படியே தலைகீழ். கருகிய துணியில் ஊறிய பெற்றோல் ஆவியாகிப் போய்விடும். கடதாசி மட்டுமில்லை, சாதாரண பொலித்தீன் பைக்குள்ளாலும் கசிந்து போகும். அதற்குப் புதிய பெயின்ற் டின் மாதிரி இறுக மூடும் தகர டின் வேண்டும். அதையும் விளிம்புவரை அடைக்காமல் மேலே கொஞ்சம் இடம் விடுவார்கள். அங்கே சேரும் ஆவியைத்தான் ஆய்வுகூடத்தில் எடுத்துப் பார்ப்பது. கத்தி என்றால் அட்டைப் பெட்டியில் அசையாமல் கட்டி வைப்பது. கைத்தொலைபேசி என்றால் சிக்னல் புகாத பை, இல்லாவிட்டால் எங்கிருந்தோ ஒருவன் உள்ளே இருப்பதை அழித்துவிடுவான்.

ஒற்றை முடி, பெயின்ற் துகள் போன்றவற்றை வெறும் கடித உறையில் போட்டால் மூலையில் இருக்கும் இடுக்கால் நழுவிவிடும். கோணேசர் கோயிலில் திருநீறு வாங்கினால் தாளை மடித்து ஓரத்தைச் செருகித் தருவோமே, அந்தப் பொட்டலம்தான் சரி. பொட்டலத்தை உறைக்குள் வைத்து, வாயை நாடாவால் ஒட்டி, பாதி நாடாவிலும் பாதி உறையிலும் விழும்படி கையொப்பமும் திகதியும் போட வேண்டும். நாடாவை உரித்து மறுபடி ஒட்டினால் எழுத்துப் பொருந்தாது. ஆய்வுக்காகத் திறப்பவரும் பழைய முத்திரையைத் தொடாமல் வேறு பக்கத்தில் வெட்ட வேண்டும். இன்னொன்று, கந்தோர்ப் பழக்கத்தில் உறையை நாக்கால் நனைத்து ஒட்டக்கூடாது. ஒட்டினால் சான்றோடு உங்கள் எச்சிலும் ஆய்வுக்குப் போகும்!

சிரிக்க வேண்டாம், இதைவிடப் பெரிய கூத்து ஜேர்மனியில் நடந்தது. கொலை, களவு என்று 40 அளவிலான இடங்களில் ஒரே பெண்ணின் மரபணு கிடைத்தது. 2007இல் ஹைல்புரோன் நகரில் ஒரு பெண் பொலிஸ் கொல்லப்பட்ட இடத்திலும் அதே மரபணு. வருடக்கணக்கில் தேடினார்கள். 2009இல்தான் தெரிந்தது, அந்த மரபணு தடயம் எடுக்கும் பஞ்சுக் குச்சிகளைப் பொதி செய்த தொழிற்சாலைப் பெண்ணுடையது என்று. குச்சிகளில் கிருமி இல்லை, சரி. ஆனால் கிருமி நீக்கினால் மரபணுவும் நீங்கிவிடாதே.

திருகோணமலையிலிருந்து, இந்தச் சான்றுகளை ஆய்வு செய்கிற, கொழும்புப் பக்கம் பெலவத்தையில் உள்ள அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குச் சுமார் 260 கிலோமீற்றர். யார் எடுத்தார், யார் யாரிடம் எந்த நேரம் கொடுத்தார் என்று ஒவ்வொரு கையும் பதிவாக வேண்டும். நடுவில் ஒரு இரவு யாரிடம் இருந்தது என்று சொல்ல முடியாவிட்டால் சட்டத்தரணி அந்த இரவைப் பிடித்துக்கொண்டே வழக்கை இழுப்பார்.

உங்கள் வீட்டில் களவு போனால் நீங்களே பை தேடிப் பொதி செய்ய வெளிக்கிட வேண்டாம். 119க்கு அழைத்துவிட்டு எதையும் தொடாமல் இருங்கள். மழை வந்தால் முற்றத்துக் காலடித் தடத்தின்மேல் ஒரு சுத்தமான பேசினைக் கவிழ்த்து வையுங்கள். திருகோணமலைக்காரர் என்றால் படலையையும் சாத்திவிடுங்கள். மஞ்சள் நாடா கட்டினால் மனிதர் நிற்பார்கள், எங்கள் ஊர் மான்கள் நாடாவையும் மென்றுவிட்டு உள்ளே வரும்.