வாசகர் கேள்விகள்: பாஸ்கா காலம் எப்போது முடிகிறது?

கேள்வி: தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதைக்கு எங்கள் கோயில் நிரம்பி வழிகிறது. உயிர்ப்பு ஞாயிறு நண்பகலோடு எல்லாம் ஓய்ந்துவிடுகிறது. அடுத்த ஞாயிறு பின்வரிசை வாங்குகள் வெறுமையாகக் கிடக்கின்றன. உயிர்ப்பு ஞாயிறில் தொடங்கும் பாஸ்கா காலம் ஐம்பது நாட்கள் என்கிறார்கள். அந்த நாட்களில் ஒரு பங்கு, அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த இறைமக்கள் சமூகம், செய்யக்கூடியது என்ன? (வாசகி, பாலையூற்று)

பதில்: நீங்கள் சொல்லும் குறை திருகோணமலையில் பல பங்குகளுக்கும் பொருந்தும். தவக்காலம் 40 நாட்கள், பாஸ்கா காலம் 50 நாட்கள். நோன்பைவிட விழாவே நீளமானது என்பதைத் திருச்சபை நாட்காட்டியிலேயே எழுதி வைத்திருக்கிறது. உயிர்ப்பு ஞாயிறு முதல் தூய ஆவியார் பெருவிழா (பெந்தெகொஸ்தே) வரையான நாட்கள் அனைத்தையும் ஒரே பெருநாளாக, ஒரு 'பெரிய ஞாயிறாக'க் கொண்டாட வேண்டும் என்பதே வழிபாட்டு ஒழுங்கு. 2026இல் அது ஏப்ரல் 5 முதல் மே 24 வரை நீள்கிறது.

இதற்குக் கண்முன்னே நிற்கும் அடையாளம் பாஸ்கா திரி. உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய திருவிழிப்பு இரவில், கோயிலுக்கு வெளியே மூட்டிய புது நெருப்பருகில், அதன் சிலுவைக் குறியில் ஐந்து சாம்பிராணி மணிகள் பதிக்கப்படுவதையும், நான்கு மூலைகளில் அவ்வாண்டின் எண்கள் பொறிக்கப்படுவதையும், கடற்காற்று அணைத்துவிடாதபடி மக்கள் தங்கள் சிறு மெழுகுதிரிகளை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு நிற்பதையும் நீங்கள் கண்டிருப்பீர்கள். அதன்பின் அந்தத் திரியை யார் கவனிக்கிறார்கள்? சில ஆண்டுகளுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒரு கோயிலில் மூன்றாம் ஞாயிறன்றே அது ஏற்றப்படாமல் நின்றது. காரணம் கேட்டேன்; மெழுகை மிச்சம் பிடிக்கிறோம், ஆண்டின் எண்களைச் சுரண்டி மாற்றினால் அடுத்த வருடத்துக்கும் உதவும் என்று பதில் வந்தது. சிக்கனம் நல்லதுதான், ஆனால் இந்த இடத்தில் அல்ல. ஆண்டுதோறும் புதிதாக, உண்மையான மெழுகில் செய்யப்பட்ட ஒரே திரியே வேண்டும் என்று பாஸ்கா கொண்டாட்டம் பற்றிய உரோமைச் சுற்றுமடல் 1988இலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வாசகமேடையருகே அது ஒவ்வொரு ஞாயிறும் எரிந்து, உச்சியில் குழி விழுந்து, கரிந்த முனையைப் பூசைப்பரிசாரகச் சிறுவன் கத்தரித்து, ஒரு சாண் குறைந்து நிற்கும்போதுதான் விழா நடந்துகொண்டிருக்கிறது என்பது பிள்ளைகளுக்கும் புரியும்.

அதே மடல் பங்குகளுக்கு வேறு சில வழிகளையும் காட்டுகிறது. பிள்ளைகளின் முதல் நன்மையை (முதன்முதலாக நற்கருணை பெறுவதை) இந்த ஞாயிறுகளில் ஒன்றில் வைக்கலாம்; திருவிழிப்பில் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குக் கோயிலில் தனி இடம் ஒதுக்கலாம்; பங்குத்தந்தை வீடு வீடாகச் சென்று குடும்பத்தோடு சற்று நேரம் பேசிச் செபித்து வீட்டை ஆசீர்வதிக்கலாம். இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது கடைசி வழிதான். நான்கு அன்பியங்கள் (அயல்வீட்டுக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் சிறு குழுக்கள்) உள்ள பங்கில் வாரத்துக்கு ஓர் அன்பியம் என்று எடுத்தாலும் தூய ஆவியார் பெருவிழாவுக்குள் தாராளமாக முடித்துவிடலாம். சிலுவைப்பாதைக்குக் கூட்டம் சேர்க்கத் தெரிந்தவர்கள், உயிர்த்த ஆண்டவரின் காட்சிகளைப் பதினான்கு நிலைகளாகத் தியானிக்கும் ஒளியின் பாதைக்கும் சேர்க்கலாம். வீட்டில் மூவேளைச் செபத்துக்குப் பதிலாக பாஸ்கா காலத்து மரியன்னை செபமான 'விண்ணக அரசியே' சொல்வதற்கு எந்தக் குழுவின் அனுமதியும் வேண்டியதில்லை.

இலங்கையராகிய நமக்கு இன்னொரு நினைவும் உண்டு. 2019 ஏப்ரல் 21 உயிர்ப்பு ஞாயிறன்று கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டிய, மட்டக்களப்பு சீயோன் ஆகிய ஆலயங்களில் குண்டுகள் வெடித்தன. அதற்கடுத்த ஞாயிறு கொழும்பு உயர் மறைமாவட்டத்தில் மக்கள் கூடும் திருப்பலி நடைபெறவில்லை. கர்தினால் ஒப்புக்கொடுத்த திருப்பலியைப் பலர் தொலைக்காட்சியிலேயே கண்டார்கள். கோயிலுக்குப் போக முடியாமற்போன அந்த இரண்டாம் ஞாயிறை அறிந்தவர்கள், போக முடிகிற இரண்டாம் ஞாயிறுகளில் அந்த வாங்குகளை ஏன் வெறுமையாக விடுகிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

கேள்வி: உயிர்ப்பு வாரத்து வெள்ளிக்கிழமை சுத்தபோசனம் காக்க வேண்டுமா? (மீனவர் குடும்பத்து வாசகர்)

பதில்: வேண்டியதில்லை. உயிர்ப்பு ஞாயிறு முதல் அடுத்த ஞாயிறு வரையான எட்டு நாட்களும் பெருவிழாக்கள், அதாவது திருச்சபையின் மிக உயர்ந்த தர விழாக்கள். பெருவிழா வரும் வெள்ளியில் இறைச்சி விலக்கும் கடமை இல்லை. ஆனால் உங்களுக்கு அந்த வெள்ளி வேறொரு விதத்தில் உரியது. இரவெல்லாம் வலை வீசியும் ஒன்றும் அகப்படாத சீடர்கள், விடியலில் கரையில் நின்றவரின் சொல்கேட்டு வீசி 153 பெரிய மீன்களை இழுத்ததும், கரையில் கரிநெருப்பின்மேல் மீனும் அப்பமும் ஆயத்தமாயிருந்ததும் ஆகிய யோவான் நற்செய்திப் பகுதி ஆண்டுதோறும் அன்றுதான் வாசிக்கப்படுகிறது. வெறும் வலையோடு திரும்பும் விடியல் எப்படியிருக்கும் என்பதை உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அன்றைய காலைத் திருப்பலியைக் கடற்கரையில் வைக்கும்படி பங்குத்தந்தையிடம் கேட்டுப் பாருங்கள். பூசை முடிந்ததும் அங்கேயே மீன் சுட்டுப் பகிர்ந்துண்ணலாம்.

கேள்வி: பாஸ்கா காலத்தில் சித்திரைப் புத்தாண்டு வந்தால் அயல்வீட்டு இந்துக் குடும்பத்தோடு கொண்டாடலாமா?

பதில்: தாராளமாக. 2017இல் புத்தாண்டு பெரிய வெள்ளியன்றும், 2022இல் பெரிய வியாழனன்றும் வந்து நம்மைச் சங்கடப்படுத்தியது. 2026இல் அது விழாக்காலத்துக்குள்ளேயே வருவதால், அவர்கள் தரும் பலகாரத்தைத் தயங்காமல் வாங்கிச் சாப்பிடலாம். உயிர்ப்பு ஞாயிறன்று நீங்கள் அவர்களுக்குக் கேக் கொடுத்தனுப்பினீர்களா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தூய ஆவியார் பெருவிழாவுக்குப் பிறகு பாஸ்கா திரியை என்ன செய்வது?

பதில்: அதைப் பீடப் பகுதியிலிருந்து எடுத்து ஞானஸ்நானத் தொட்டியருகே வைக்க வேண்டும். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது அதிலிருந்துதான் குழந்தையின் திரியை ஏற்றுவார்கள். அடக்கத் திருப்பலியில் அதே திரி சவப்பெட்டியின் அருகில் எரியும்.